நம்ம ஆள்தான், ஆனாலும் மனசு ஒட்டவில்லை: ஜிம்மி கார்ட்டரும் அவர் கட்சி வாக்காளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல் என்றால் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்று இரண்டாகப் பிரித்துப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தாங்களே ஓட்டுப் போட்டு உட்காரவைத்த அதிபர் மீது அதே வாக்காளர்களுக்கு வரும் மனத்தாங்கலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஜிம்மி கார்ட்டரின் நான்கு வருட ஆட்சியை (1977–1981) விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பல வருடங்களாக அதைப் படித்து வருகிறேன். அந்தக் காலத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

கார்ட்டர் எங்கிருந்து வந்தவர்? கட்சிக்காரர்கள் அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். கடற்படை அகாதமியில் படித்து, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1953-ல் அப்பா இறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி நிலக்கடலை வியாபாரத்தை ஏற்றுக்கொண்டார். 1971 முதல் 1975 வரை ஜார்ஜியாவின் ஆளுநர். அவருடைய அம்மா லில்லியன், எழுபதை நெருங்கும் வயதில் மும்பை விக்ரோலிக்கு வந்து நர்ஸாகத் தொண்டு செய்தவர்.

1976 தேர்தலின்போது நாடு, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் போய் மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் ஊழலின் கசப்பில் இருந்தது. குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் 1974-ல் பதவி விலகியிருந்தார், அவருக்கு அடுத்து அதிபரான ஃபோர்டு பொதுமன்னிப்பு கொடுத்திருந்தார். "உங்களிடம் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒருவர் வந்து நின்றதும் மக்கள் காது கொடுத்தார்கள். தலைநகரத்தோடு ஒட்டுறவு இல்லாதவர் என்பதுதான் அவருடைய பெரிய பலம்.

ஆனால் ஒரு விஷயத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்த வருடம் அயோவா மாநிலத்தில் நடந்த முதல் உட்கட்சிப் போட்டியில் கார்ட்டர் ஜெயித்ததாகத்தான் கதை சொல்வார்கள். உண்மையில் அங்கே முதலிடம் பிடித்தது 'யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற பிரிவு, ஏறத்தாழ 37 சதவீதம். கார்ட்டருக்குக் கிடைத்தது சுமார் 28 சதவீதம். கட்சியின் முதல் காதலாக அவர் ஒருபோதும் இருந்ததில்லை. ஒவ்வொரு மாநிலமாக நடந்தே வந்து, மற்றவர்கள் களைத்து விழுந்த பிறகு நின்றுகொண்டிருந்தவர். நவம்பரில் ஃபோர்டை 297-க்கு 240 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் (மாநிலவாரியாகக் கிடைக்கும், அதிபரை முடிவு செய்யும் வாக்கு) வென்றார். மக்கள் வாக்கில் 50.1 சதவீதம். மயிரிழை என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய அலையும் இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிலும் அவர் கட்சிக்குத்தானே பெரும்பான்மை? அப்புறம் என்ன சிக்கல்?

பெரும்பான்மை என்றால் சாதாரணப் பெரும்பான்மை இல்லை. பிரதிநிதிகள் சபையில் 435-ல் 292 இடம், செனட்டில் 100-ல் 61. வெளியிலிருந்து பார்த்தால் நினைத்ததை எல்லாம் நிறைவேற்றியிருக்கலாம் என்று தோன்றும்.

சிக்கல் பதவியேற்புக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. விழாவை ஒட்டி நடந்த ஒரு கலைநிகழ்ச்சிக்குச் சபாநாயகர் டிப் ஓ'நீல் தன் குடும்பத்தாருக்கு டிக்கெட் கேட்டிருந்தார். பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் தெருத்தெருவாகக் கட்சி வளர்த்து மேலே வந்த மனிதர், நாட்டிலேயே இரண்டாவது பெரிய ஜனநாயகக் கட்சிக்காரர். டிக்கெட் வந்தது. உட்காரப் போனால் இடம் கடைசி வரிசைகளில். கார்ட்டரின் உதவியாளர் ஹாமில்டன் ஜோர்டனை அவர் அன்றிலிருந்து மன்னிக்கவில்லை, அந்தப் பெயரையே திரித்துக் கேலிப் பெயராக்கி வைத்துக்கொண்டார். ஒரு டிக்கெட்டுக்கா இவ்வளவு என்று கேட்கலாம். கல்யாண வீட்டில் மாமாவை முன்வரிசையில் உட்காரவைக்க மறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதமே, 1977 பிப்ரவரியில், அணை, கால்வாய் என்று ஏறத்தாழ 20 நீர்த்திட்டங்களுக்கான பணத்தை நிறுத்தப்போவதாக கார்ட்டர் அறிவித்தார். பணம் வீண், சுற்றுச்சூழலுக்கும் கேடு என்பது அவர் கணக்கு. பல திட்டங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அணைகள் சொந்தக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களுக்குக் கொடுத்த வாக்கு. அவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் பட்டியல் போட்டது தப்பு. அதற்கு அப்புறம், ஆளுக்கு 50 டாலர் வரித் தள்ளுபடி தருவதாகச் சொன்னதை ஏப்ரலில் திடீரென்று கைவிட்டார். அதற்காகத் தங்கள் பேரைக் கெடுத்துக்கொண்டு வாதாடியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதன் பிறகு வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்ற கதைதான்.

அது தலைவர்களுக்குள் நடந்த பிணக்கு. சாதாரண வாக்காளருக்கு என்ன குறை?

விலைவாசி. எல்லாவற்றுக்கும் மேலே அதுதான்.

1979-ல் ஈரான் புரட்சியை ஒட்டி எண்ணெய் வரத்து குலைந்தது. கலிபோர்னியாவிலும் அப்புறம் கிழக்குக் கடற்கரையிலும் பெட்ரோல் பங்க்குகளில் ஒற்றை, இரட்டை முறை வந்தது. வண்டி எண் ஒற்றை இலக்கத்தில் முடிந்தால் ஒற்றைத் தேதியில்தான் பெட்ரோல். காலை வேலைக்குப் போகும் ஆள் விடிவதற்கு முன்பே எழுந்து வரிசையில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, தன் முறை வரும்போது பங்க்கில் இருப்பு தீர்ந்துவிட்டது என்ற பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டிய நிலை. அந்த வருடம் ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் இது கலவரமாகவே வெடித்தது. நடுரோட்டில் வண்டிகளைக் கொளுத்தினார்கள். அது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் புறநகர்.

1980-ல் பணவீக்கம் சராசரியாக 13.5 சதவீதம். அதைப் பிடித்துக் கட்ட, 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கரை மத்திய வங்கிக்குத் தலைவராக கார்ட்டரே நியமித்தார். வோல்க்கர் கடன் கயிற்றை இறுக்கினார். 1980 ஏப்ரலில் வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதம் 20 சதவீதத்தைத் தொட்டது. வீடு வாங்கவோ, கார் வாங்கவோ கடன் என்பது கனவு. கார் விற்காததால் ஆலைகளில் ஆட்குறைப்பு. அந்தக் கோடையில் வேலையின்மை 7.8 சதவீதம். விலைவாசியை எதிர்த்த மருந்தே வேலையைப் பறித்தது. அந்த வேலை போனது பெரும்பாலும் அவருக்கு ஓட்டுப் போட்ட தொழிற்சாலை ஊர்களில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னாளில் விலைவாசி இறங்கியதற்கான பலனை அடுத்த அதிபர் அனுபவித்தார், வலியின் பழி முழுக்க கார்ட்டர் தலையில் விழுந்தது. வோல்க்கரை நியமித்தால் என்ன ஆகும் என்று அவரை எச்சரித்தவர்கள் இருந்தார்கள். தெரிந்தேதான் செய்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர் மீது மரியாதை உண்டு.

கட்சியின் எந்தெந்தப் பிரிவினருக்கு என்னென்ன மனக்குறை?

தொழிற்சங்கத்தார் 1978-ல் ஒரு தொழிலாளர் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சங்கம் அமைப்பதை எளிதாக்கும் சட்டம். செனட்டில் எதிர்த்தரப்பு பேசிப்பேசியே நாளைக் கடத்தியது. அதை முடித்துவைக்க 60 ஓட்டு வேண்டும், பலமுறை முயன்றும் அந்த எண்ணிக்கை வரவில்லை. கால்வாயைப் பனாமாவுக்கே ஒப்படைக்கும் பனாமா கால்வாய் ஒப்பந்தத்துக்கு அதிபர் காட்டிய மும்முரத்தில் பாதியைக்கூட எங்கள் சட்டத்துக்குக் காட்டவில்லை என்று சங்கத்தார் மனம் கசந்தார்கள். அந்த ஒப்பந்தம் சரியான காரியம்தான், ஆனால் அதற்காக அவர் செனட்டர் செனட்டராகப் பிடித்து 68 ஓட்டுச் சேர்த்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள் அல்லவா?

பெண்கள் அமைப்புகளின் கதை கொஞ்சம் வேறு. ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்தியது பற்றி 1977-ல் கேட்டபோது, வாழ்க்கையில் நியாயமில்லாத விஷயங்கள் பல உண்டு என்று பதில் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர்கள் மறக்கவே இல்லை. 1979 ஜனவரியில், பொருளாதாரக் கொள்கையை விமர்சித்ததை ஒட்டி, தேசியப் பெண்கள் ஆலோசனைக் குழுவின் இணைத்தலைவர் பெல்லா அப்ஸக்கைப் பதவிநீக்கம் செய்தார். குழுவின் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கூடவே ராஜினாமா செய்தார்கள். அதே கார்ட்டர்தான், தனக்கு முந்தைய எல்லா அதிபர்களும் சேர்ந்து நியமித்ததை விட அதிகமான பெண்களையும் கறுப்பினத்தவரையும் கூட்டாட்சி நீதிபதிகளாக்கினார். இரண்டுமே உண்மை. ஒரே ஆளைப் பார்த்து ஒரே வாக்காளர் காலையில் பெருமையும் மாலையில் எரிச்சலும் பட்டிருக்க முடியும்.

கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் கடைசி வரை அவரோடு நின்றார்கள். ஆசிரியர் சங்கமும் அப்படியே. கல்விக்குத் தனித் துறை உருவாக்குவேன் என்று சொல்லியிருந்தார், 1979-ல் உருவாக்கினார்.

'நம்பிக்கை நெருக்கடி' உரை என்று சொல்கிறார்களே, அதுதான் ஆளைக் கவிழ்த்ததா?

இல்லை. இது பரவலான தவறான எண்ணம். 1979 ஜூலையில், ஏற்கெனவே அறிவித்திருந்த ஒரு தொலைக்காட்சி உரையை ரத்து செய்துவிட்டு, கார்ட்டர் அதிபரின் ஓய்வு இல்லம் இருக்கும் கேம்ப் டேவிட் மலைக்குப் போய்ப் பத்து நாள் தங்கினார். ஆளுநர்கள், பாதிரியார்கள், சாதாரணக் குடிமக்கள் என்று வரவழைத்துப் பேச்சுக் கேட்டார். 15-ம் தேதி இரவு நாட்டிடம் பேசினார். தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்ன குறைகளைத் தாளில் எழுதிவைத்து வாசித்தார். "அதிபர் அவர்களே, நீங்கள் இந்த நாட்டை வழிநடத்தவில்லை, அரசாங்கத்தை நிர்வாகம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்று ஒரு தென்மாநில ஆளுநர் தன்னிடம் சொன்னதை அவரே படித்தார். எந்த நாட்டில் எந்தத் தலைவர் அப்படிச் செய்திருக்கிறார்?

மக்களுக்கு அந்த உரை பிடித்திருந்தது. கருத்துக் கணிப்பில் அவர் மதிப்பு ஏறியது. இரண்டே நாளில் மொத்த அமைச்சரவையிடமும் ராஜினாமாக் கடிதம் வாங்கி, ஐந்து பேரை அனுப்பிவைத்தார். அதில்தான் எல்லாம் போயிற்று. அரசாங்கமே ஆட்டம் காண்கிறது என்று ஜனங்கள் பயந்தார்கள். உரை கொடுத்த நம்பிக்கையை அந்த வாரத்துக்குள்ளேயே அவர் செலவழித்துவிட்டார்.

டெட் கென்னடி ஏன் சொந்தக் கட்சி அதிபரையே எதிர்த்தார்?

கொல்லப்பட்ட ஜான், ராபர்ட் என்ற இரண்டு அண்ணன்களின் கடைசித் தம்பி. மாசசூசெட்ஸ் செனட்டர். அவர் நின்றால் போதும் என்று காத்திருந்த ஒரு பெரிய கூட்டம் கட்சிக்குள் 1968 முதலே இருந்தது. அதிகார ஆசை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொள்கைச் சண்டையும் நிஜம்.

சண்டையின் மையம் மருத்துவக் காப்பீடு. எல்லாருக்கும் முழுமையான காப்பீடு வேண்டும், இப்போதே வேண்டும் என்றார் கென்னடி. படிப்படியாகப் போகலாம், பணம் இருக்கும்போது பார்க்கலாம் என்றார் கார்ட்டர். 1978 கோடையில் இருவரும் முறித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் மெம்பிஸில் நடந்த கட்சிக் கூட்டத்தில், சில நேரங்களில் ஒரு கட்சி காற்றை எதிர்த்துப் பாய்மரம் விரித்தாக வேண்டும் என்று கென்னடி முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. 1979 கோடையில் கட்சிக்காரர்களிடம் நடந்த கணிப்புகளில் கார்ட்டரை விட இரண்டு மடங்கு ஆதரவு கென்னடிக்கு.

அவ்வளவு முன்னால் இருந்தவர் எப்படித் தோற்றார்?

1979 நவம்பர் 4 என்ற ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஈரான் தலைநகர் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். அன்று இரவே சிபிஎஸ் தொலைக்காட்சியில் ராஜர் மட் எடுத்த கென்னடி பேட்டி ஒளிபரப்பானது. ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்ற, எந்த வேட்பாளரும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு, கென்னடி தடுமாறி, சுற்றிவளைத்து, வாக்கியத்தை முடிக்க வழி தெரியாமல் திணறினார். 1969-ல் சாப்பாக்விடிக்கில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து விழுந்து மேரி ஜோ கோபெக்னி என்ற இளம்பெண் இறந்த விவகாரமும் மறுபடி கிளம்பியது.

ஒரு மனிதர் தூரத்தில் நிற்கும்போது ஆசைகளை எல்லாம் அவர்மேல் ஏற்றிவைக்கலாம். பக்கத்தில் வந்து நின்றால் குறைகளும் தெரியும். இன்னொரு பக்கம், ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக எதிரிகளின் பிடியில் இருக்கும்போது நாட்டின் தலைவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற உணர்வு பொங்கியது. இலையுதிர் காலத் தொடக்கத்தில் 30 சதவீதத்தை ஒட்டிக் கிடந்த கார்ட்டரின் செல்வாக்கு, ஜனவரியில் 58-க்கு ஏறியது. பிணைக்கைதிகள் விஷயத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அவர் பிரசாரத்துக்கே வெளியே வரவில்லை. அயோவாவில் 59-க்கு 31 என்று ஜெயித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் 47-க்கு 37. இல்லினாயில் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் கென்னடி எப்படி நியூயார்க்கில் ஜெயித்தார்? இது முரணாக இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்தத் தேர்தல் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிரைமரி என்பது கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல். மாநிலத்துக்கு மாநிலம் தேதி வேறு. ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை நீளும். நியூயார்க்கில் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டுப் போடலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் கிடைத்த வாக்குக்கு ஏற்ப ஆளுக்கு இத்தனை பிரதிநிதிகள், அவர்கள் கோடை மாநாட்டில் கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிப்பார்கள். ஆகவே வாக்காளருக்கு முந்தைய மாநிலங்களின் முடிவு தெரியும். தன் ஓட்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

மார்ச் 18-ல் இல்லினாயில் கென்னடி சுருண்டு விழுந்தார். இனி அவர் வேட்பாளர் ஆக முடியாது என்பது கணக்குத் தெரிந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மார்ச் 25-ல் நியூயார்க். அங்கே கென்னடி 59, கார்ட்டர் 41! அன்றே கனெக்டிகட்டும் கென்னடிக்கு. இஸ்ரேலியக் குடியிருப்புகள் பற்றிய ஐ.நா. தீர்மானத்துக்கு அமெரிக்கா ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டு நாளில் அது தவறு என்று கார்ட்டர் பின்வாங்கிய குழப்பம் நியூயார்க் யூத வாக்காளர்களைப் புண்படுத்தியிருந்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கென்னடி இனி ஆபத்தில்லாதவர் ஆகிவிட்டார். அவருக்கு ஓட்டுப் போட்டால் அவர் அதிபராகிவிட மாட்டார். கார்ட்டரின் காதில் மட்டும் விழும்.

ஏப்ரல் 1-ல் விஸ்கான்சின். அன்று விடிந்ததும் கார்ட்டர் கேமரா முன்னால் வந்து, பிணைக்கைதிகள் விஷயத்தில் நல்ல சேதி வரும்போல இருக்கிறது என்றார். ஜெயித்தார். சேதி வரவில்லை. ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியாவில் கென்னடி மயிரிழையில் முந்தினார். இரண்டு நாள் கழித்து, மீட்கப் போன ஹெலிகாப்டர் நடவடிக்கை ஈரான் பாலைவனத்தில் தோற்று எட்டு வீரர்கள் இறந்தார்கள். ஜூன் 3-ம் தேதி, கடைசி நாள், எட்டு மாநிலங்களில் ஐந்தில் கென்னடிக்கு வெற்றி. அதில் கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் உண்டு. அதே நாளில்தான் கார்ட்டருக்குத் தேவையான பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் நிறைந்தது.

கென்னடி ஜெயித்துவிடுவார் என்ற நிலையில் கார்ட்டரை ஆதரித்தார்கள். கார்ட்டர் ஜெயித்துவிடுவார் என்ற நிலையில் கென்னடிக்கு ஓட்டுப் போட்டார்கள். இதைச் சஞ்சலம் என்றோ குழப்பம் என்றோ சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இந்த ஆள் இருக்கட்டும், ஆனால் இப்படி இருக்கக் கூடாது என்ற இரண்டு தீர்ப்பும் ஒரே மனசில் இருந்தது. வாக்குச்சீட்டில் ஒரு பெட்டியைத்தான் தொட முடியும். எந்த நேரத்தில் எந்தத் தீர்ப்பைச் சொல்லலாம் என்று அவர்கள் பார்த்துச் செய்தார்கள். மொத்த வாக்கில் கார்ட்டருக்குச் சுமார் 51 சதவீதம், கென்னடிக்கு 37.

மாநாட்டில் என்ன நடந்தது?

1980 ஆகஸ்ட் 11 முதல் 14 வரை, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில். பிரதிநிதிகள் தங்களை அனுப்பிய வாக்காளர்களின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று விதியை மாற்றப் பார்த்தது கென்னடி தரப்பு. 1,936-க்கு 1,390 என்று தோற்றது. கென்னடி விலகிக்கொண்டார்.

மறுநாள் இரவு அவர் பேசினார். பணி தொடர்கிறது, லட்சியம் நிலைத்திருக்கிறது, நம்பிக்கை உயிரோடு இருக்கிறது, கனவு ஒருபோதும் சாகாது என்று முடித்தார். தோற்றவருக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் கைத்தட்டல். வேலைவாய்ப்புக்கு 1,200 கோடி டாலர் என்ற அவருடைய கோரிக்கையைக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஜெயித்தவரின் கொள்கைக்கு எதிரான வாசகம் ஜெயித்தவரின் அறிக்கையிலேயே ஏறியது.

14-ம் தேதி கார்ட்டரின் முறை. மறைந்த முன்னாள் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியைப் புகழப்போய், பெயரைக் கடற்படைக் கதைநாயகன் ஹார்ன்ப்ளோவரின் பெயரோடு கலந்து சொல்லிவிட்டார். உரை முடிந்ததும் கூரையிலிருந்து கொட்ட வேண்டிய பலூன்கள் வலையிலேயே சிக்கி, ஒன்றிரண்டாகச் சொட்டின. மேடையில் கட்சிப் பிரமுகர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேரத்தை ஓட்டினார்கள், கென்னடி இன்னும் வரவில்லை. கடைசியில் வந்தார். கைகுலுக்கினார். அவ்வளவுதான். இருவரும் கைகோத்து உயர்த்தும் அந்த ஒரு படத்துக்காகப் புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். கூட்ட நெரிசலில் கார்ட்டர் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நிற்க, கென்னடி இன்னொரு பக்கம் திரும்பி இன்னொருவரிடம் பேசினார். தன் மாநிலத்துப் பிரதிநிதிகளைப் பார்த்து முஷ்டியை உயர்த்திவிட்டு இறங்கிப் போனார். அமெரிக்க அதிபர், தன் கட்சி மாநாட்டு மேடையில், ஒரு கைக்காக ஆள் பின்னால் அலைந்ததை நாடே வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நவம்பரில் அந்த வாக்காளர்கள் எங்கே போனார்கள்?

குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், கார்ட்டருக்கு 49. மக்கள் வாக்கில் ரீகன் 50.7, கார்ட்டர் 41, சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன் 6.6. கார்ட்டருக்குக் கிடைத்தவை ஆறு மாநிலங்களும் தலைநகரமும் மட்டும். கென்னடியின் மாசசூசெட்ஸ்கூட நூலிழையில் ரீகனுக்குப் போனது.

கட்சிக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு கார்ட்டருக்கே போட்டார்கள். சுமார் நாலில் ஒருவர் ரீகனுக்குப் போட்டார். நான்கு வருடத்துக்கு முன் இருந்ததை விட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரீகன் விவாதத்தில் கேட்ட கேள்வி அவர்களைப் பார்த்துக் கேட்டதுதான். டெட்ராய்ட் பக்கத்தில் மேக்கம்ப் கவுண்டியின் கார் தொழிலாளர்கள் 1960-ல் ஜான் கென்னடிக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். 1984-க்குள் அதே இடம் ரீகன் கோட்டை.

தோல்வி நிச்சயமானதும், மேற்குக் கரையில் வாக்குப்பதிவு முடியும் முன்பே கார்ட்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிவிட்டார். அங்கே வரிசையில் நிற்கவிருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், அதனால்தான் தோற்றோம் என்று சில உறுப்பினர்கள் கடைசி வரை ஆற்றாமைப்பட்டார்கள். செனட்டில் கட்சிக்கு 12 இடம் நஷ்டம், பெரும்பான்மையும் போனது.

கென்னடிதான் கார்ட்டரைத் தோற்கடித்தாரா?

காயப்படுத்தினார். தோற்கடித்தது 13.5 சதவீதப் பணவீக்கமும் தெஹ்ரானும். உட்கட்சிப் போட்டியே இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கோபம் ஆவியாகிப் போயிருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கென்னடிக்குப் போட்ட தொழிலாளியின் வேலை கென்னடியால் போகவில்லை.

கட்சிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிர்க்கட்சிக்காரர் திட்டினால் எந்த அதிபரும் தூசு தட்டிவிட்டுப் போவார். தனக்கு ஓட்டுப் போட்டவர் திட்டினால்தான் உறைக்கும். உறைப்பதற்கு முன்பே எல்லாம் கைமீறிவிட்டது என்பதுதான் கார்ட்டர் காலத்தின் சோகம்.

வேறு அதிபர்களுக்கு இப்படி நடந்ததா?

நடந்தது. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் வியட்நாம் போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். அப்போதைய அதிபர் ஜான்சன்தான் முன்னால் இருந்தார், ஆனாலும் மாதம் முடிவதற்குள் இனி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். குடியரசுக் கட்சியில் 1976-ல் ஃபோர்டை ரீகன் எதிர்த்தார், 1992-ல் மூத்த புஷ்ஷை பேட் புக்கானன் எதிர்த்தார். ஃபோர்டும் புஷ்ஷும் உட்கட்சியில் பிழைத்து, நவம்பரில் தோற்றார்கள்.

2024 பிப்ரவரியில் மிச்சிகனில் பைடனை எதிர்த்து நிற்கப் பெரிய ஆள் யாரும் இல்லை. காசா போரில் மனம் நொந்தவர்கள் 'யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல், சுமார் 13 சதவீதம். அயோவாவில் 1976-ல் கார்ட்டரை முந்திய அதே பிரிவுதான்.

பிறகு கட்சிக்காரர்கள் கார்ட்டரை ஏற்றுக்கொண்டார்களா?

மனிதராக ஏற்றுக்கொண்டார்கள். பிணைக்கைதிகள் 444 நாள் கழித்து, ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் விடுவிக்கப்பட்டார்கள். கார்ட்டர் பிளெயின்ஸ் திரும்பினார். ஏழைகளுக்கு வீடு கட்டும் இடங்களில் சுத்தியல் பிடித்தார், ஆப்பிரிக்காவில் நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்க உழைத்தார், 2002-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதில் காலமானார். அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் அன்று கண்கலங்கினார்கள்.

ஆனால் அந்தப் பழைய மனத்தாங்கல் இரண்டு பக்கமும் ஆறவே இல்லை. 2009 ஆகஸ்டில் டெட் கென்னடி இறந்தபோது கார்ட்டரும் மனைவி ரோசலினும் பாஸ்டன் போய் இறுதிச் சடங்கில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய பிறகு, ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கார்ட்டர் அந்தப் பேச்சை எடுத்தார். தன் திட்டத்தைக் கென்னடி வேண்டுமென்றே தடுத்திராவிட்டால் நாட்டுக்கு முழுக் காப்பீடு எப்போதோ கிடைத்திருக்கும் என்றார். அப்போது அவருக்கு வயது 85.